ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன்

மூன்று வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். எங்கள் மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதும் இளைஞரின் முதல் தொகுதி. அதில் பாதிக்கு மேல் மழை, வெயில், பனி, காற்று. மதிப்புரையை இப்படி முடித்திருந்தேன்: ‘இவரிடம் பருவம் இருக்கிறது, காலம் இல்லை.’

நண்பர்கள் ரசித்தார்கள். ஒருவர் இரண்டு கூட்டங்களில் இதை மேற்கோள் காட்டினார். விமர்சன வாக்கியம் ஒன்று கச்சிதமாக அமைந்துவிட்டால் அதைச் சோதித்துப் பார்க்க யாரும் முன்வருவதில்லை, எழுதியவன் உட்பட. அந்தக் கவிஞர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவருடைய கவிதை எதுவும் என் கண்ணில் படவும் இல்லை. இதற்கும் என் வாக்கியத்துக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இல்லை என்று சொல்லிவிடவும் எனக்கு வழியில்லை.

அந்த வாக்கியம் தவறு என்று இப்போது நினைக்கிறேன். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது, தினமும் பத்துத் தடவை புழங்கும் சாதாரணப் பிரெஞ்சுச் சொல் ஒன்று. அதைக் கற்ற விதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

ஐரோப்பா நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்தது. க.நா.சு. லாகர்க்விஸ்டை ‘அன்பு வழி’யாகவும் செல்மா லாகர்லெவை ‘மதகுரு’வாகவும் தந்தது அந்த வழியில்தான். அதைக் குறை சொல்பவன் நன்றி கெட்டவன். ஆனால் 1980இல் வெ. ஸ்ரீராம் காம்யுவின் ‘அந்நிய’னைப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து, க்ரியா அதை வெளியிட்ட பிறகு, ஆங்கிலத்தின் வழியே படிக்கும்போது நாம் எதைப் படிக்கிறோம் என்ற கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன். வேலை வங்கியில். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் பாண்டிச்சேரி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். செஞ்சிக் கோட்டையே 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததுதான். அந்த மொழி எங்கள் பக்கத்துக்கு ரொம்ப அந்நியமில்லை என்று சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினேன்.

சொல்லிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தெருவே அவரை ‘மதாம்’ என்றுதான் கூப்பிடும். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று, மணி என்ன ஆகிறது என்பதைப் பிரெஞ்சிலேயே கேட்டுப் பார்த்தேன். ‘கெல் தாங் ஃபேத்-தில்?’ மதாம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

‘மூட்டமா இருக்கு தம்பி. சாயங்காலம் வரும்.’

‘மழையைக் கேட்கவில்லை மதாம், மணி கேட்டேன்.’

‘மணி கேக்கலியே நீங்க. என்ன தாங்-னுதானே கேட்டீங்க? மணிக்கு வேற சொல்லு. எர்.’

அந்தச் சொல் ‘தாங்’. எழுதுவதற்கு ஐந்து எழுத்து. காதில் விழுவது தகரத்தில் தொடங்கி மூக்கில் நின்றுவிடும் ஓர் ஒலி. காலம் என்று அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். அகராதி சொன்னது சரிதான். ஆனால் அன்றைக்கு வானம் எப்படி இருக்கிறது என்பதற்கும் அதே சொல்தான். நான் கேட்ட கேள்வியைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘என்ன காலம் பண்ணுகிறது?’ என்று வரும். வெயிலா மழையா என்பது அதன் பொருள். நல்ல தாங் என்றால் வெயில் நாள். கெட்ட தாங் என்றால் மழை, புயல்.

பிறகு ஒவ்வொரு வாரமும் அதன் இன்னொரு உபயோகம் வந்து சேர்ந்தது. வினைச்சொல் காட்டும் இறந்தகாலம், எதிர்காலம் எல்லாம் தாங். சங்கீதத்தில் ஒரு தட்டு ஒரு தாங். மூன்று தட்டு நடனத்துக்கு மூன்று தாங். நாலு அசைவில் ஓடும் மோட்டார்சைக்கிள் எஞ்சின் நாலு தாங் எஞ்சின். ‘தாங்கிலிருந்து தாங்குக்கு’ என்றால் அவ்வப்போது. அதே சமயம் மணிக்கணக்குக்கு ‘எர்’, தடவைக்கு ‘ஃபுவா’ என்று தனிச்சொற்கள். எண்ணக்கூடியதையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு, எண்ண முடியாததையும் தோலில் படுவதையும் இந்தச் சொல் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். சங்கீதத் தட்டும் எஞ்சினும் அந்தச் சூத்திரத்தை உடைத்துவிட்டன. ஒரு சொல்லைக் கற்பது, அதைப் பற்றி நாம் கட்டும் சூத்திரங்களை ஒவ்வொன்றாக இழப்பதுதான் போலிருக்கிறது.

இதில் பிரெஞ்சுக்கு மட்டும் உரிய விசேஷம் இல்லை. லத்தீனின் ‘தெம்புஸ்’ பெற்ற பிள்ளைகளில் ஸ்பானிய மொழிச் சொல்லும் இத்தாலிய மொழிச் சொல்லும் இப்படியே இரண்டையும் சுமக்கின்றன. பிரித்து வைத்திருப்பது ஆங்கிலம். ‘டைம்’ வேறு, ‘வெதர்’ வேறு. வினையின் காலத்துக்கு ‘டென்ஸ்’ என்று மூன்றாவது சொல். அதுவும் பழைய பிரெஞ்சிலிருந்து இதே ‘தாங்’கை வாங்கிக்கொண்டு போய்த் தனி வீடு வைத்ததுதான். அந்தப் பிரிவினை ஆங்கிலத்தினுடையது, உலகத்தினுடையது அல்ல என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

தமிழைப் பார்க்கலாம். மழைக்காலம், பனிக்காலம், கோடைக்காலம். இறந்தகாலம், நிகழ்காலம். பாட்டில் முதற்காலம், இரண்டாம் காலம்; பிரெஞ்சில் தாங் என்பது தட்டு, நமக்குக் காலம் என்பது வேகம், அவ்வளவே வித்தியாசம். எங்கள் ஊர்க் கோயிலில் தினமும் ஆறு கால பூஜை. வங்கிக்குள் வந்தால் கால வைப்பு, காலாவதி. செத்தவர் காலமானார். இந்தக் கடைசி அர்த்தம் தாங்குக்குக் கிடையாது; மதாமிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வானிலை என்ற சொல் செய்தியில் வருகிறது, வீட்டில் வருவதில்லை. கிராமத்தில் ‘காலம் கெட்டுக் கிடக்கு’ என்று ஒருவர் சொன்னால், மழையைச் சொல்கிறாரா மனிதர்களைச் சொல்கிறாரா என்று அடுத்த வாக்கியம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டையுமேகூடச் சொல்லியிருக்கலாம்.

ஆக, நம் சொல்லும் தாங்குக்குப் பக்கத்துச் சொல்தான். பிறகு நான் எப்படிப் பருவத்தையும் காலத்தையும் காற்புள்ளி போட்டு எதிரெதிரே நிறுத்தினேன்? காலம் என்று தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் ‘டைம்’ என் மனதில் இருந்தது. அதுவும் பெரிய எழுத்தில் தொடங்கும் ‘டைம்’.

இந்த நோய் என் ஒருவனுடையது அல்ல. ‘எழுத்து’ 1959இல் தொடங்கிய நாளிலிருந்து நம் புதுக்கவிதைப் பேச்சில் காலம் ஒரு கௌரவச் சொல். பெரும்பாலும் ‘வெளி’ என்ற துணையோடுதான் வரும். காலமும் வெளியும் வந்துவிட்டால் கவிதை தத்துவத் தளத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பிரமிளைப் போன்ற ஒருவர் விஞ்ஞானத்தையும் தியானத்தையும் நிஜமாகவே உள்வாங்கிக்கொண்டு அந்தச் சொற்களைக் கையாண்டது ஒரு விஷயம். அவருக்குப் பின்னால் வந்த விமர்சனம் அதை அளவுகோலாக ஆக்கிக்கொண்டது இன்னொரு விஷயம். மௌனியைப் பற்றி எத்தனை கட்டுரைகளில் ‘காலத்தின் மாயை’யைப் படித்திருக்கிறோம். கதைகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் அங்கே முதலில் இருப்பது மாயை அல்ல, மாலை. வெளிச்சம் மங்குகிறது, தெரு நிறம் மாறுகிறது, ஒருவனுக்கு நினைவு வருகிறது. மாயையெல்லாம் அந்த மங்கலிலிருந்துதான் பிறக்கிறது. நாம் மங்கலை விட்டுவிட்டு மாயையை எடுத்துக்கொண்டோம்.

ப்ரூஸ்தையும் இப்படித்தான் படித்தேன். 1913இலிருந்து 1927 வரை ஏழு பகுதிகளாக வந்த அந்த நாவலை நான் ஆங்கிலத்தில் வாசித்தவன். ஸ்காட் மாங்க்ரீஃப் 1922இல் ஆரம்பித்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பின் பொதுத் தலைப்பில் காலம் என்ற சொல்லே இல்லை. ஷேக்ஸ்பியர் சானெட் ஒன்றிலிருந்து தலைப்பை எடுத்துக்கொண்டார். 1992 திருத்தப் பதிப்பில்தான் ‘டைம்’ வந்து சேர்ந்தது. மூலத்தின் தலைப்பில் இருப்பது இந்த அன்றாடத் ‘தாங்’. அடுத்து நிற்கும் அடைமொழிக்குத் தொலைந்த என்றும் அர்த்தம், வீணாய்ப் போன என்றும் அர்த்தம். பாண்டிச்சேரி வீட்டில் ஒரு தாய் ஊர்சுற்றும் பையனைப் பார்த்து, நேரத்தைத் தொலைக்கிறாய் என்று திட்டுவதும் இதே சொற்களில்தான்.

தலைப்பில் வானிலை இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. அங்கே அது காலம்தான். ஆனால் அந்தச் சொல்லைத் தினம் இரண்டுக்கும் புழங்குகிற ஒருவர் எழுதிய நாவல் அது என்பதை அறிந்து மறுபடி படித்தேன். 1923இல் வந்த ஐந்தாவது பகுதியின் தொடக்கத்தில், கதை சொல்பவன் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, ஜன்னல் திரையை விலக்கும் முன்பே, தெருவின் சப்தங்கள் காதுக்கு வரும் விதத்தை வைத்தே வெளியே என்ன தாங் என்று கண்டுபிடிக்கிறான். அவன் தகப்பனார் பாரமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். மகன் ஒரு படி மேலே போய், தானே ஒரு பாரமானி ஆகிவிட்டதாக உணர்கிறான். ஒரு குளிர்ந்த காலை, பழைய குளிர்ந்த காலை ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முதல் வாசிப்பில் இவற்றை வர்ணனை என்று தாண்டிப் போயிருக்கிறேன். காலம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும் வழிகளில் வானிலையும் ஒன்று என்பதை என் ஆங்கிலம் என்னிடமிருந்து மறைத்துவிட்டது.

இதற்காக நான் பாரீசுக்கோ பாண்டிச்சேரிக்கோ போயிருக்க வேண்டாம். தொல்காப்பியத்தில் முதற்பொருள் நிலமும் பொழுதும். காரும் கூதிரும் பொழுது, மாலையும் யாமமும் பொழுது. ஆண்டின் மழையையும் நாளின் மங்கலையும் ஒரே சொல்லில் வைத்த இலக்கணம் அது. முல்லையில் ஒரு துறை உண்டு. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி, இது பருவம் அன்று என்று வற்புறுத்துகிறாள். குறுந்தொகையில் ஒரு தோழி கொன்றைகளையே முட்டாளாக்குகிறாள்: இது பருவம் இல்லாத வெறும் மழை, மரங்கள் அதைக் கார் என்று நம்பி ஏமாந்து பூத்துவிட்டன. தோழிக்கு உண்மை தெரியும், தலைவிக்கும் தெரியும். பொய் சொல்கிறவளும் கேட்கிறவளும் ஒரு மழையின் அர்த்தத்தைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த மழைதான் கடிகாரம், அதுதான் வாக்குறுதியின் கெடு. காலத்தைப் பற்றிய இதைவிடக் கடினமான கவிதையை எந்தத் தத்துவத் தளத்தில் தேடுவது? இதைக் கல்லூரிக்கு முன்பே படித்தவன்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன்.

வங்கியில் எனக்கு இதே பாடம் இன்னும் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் மானாவாரியில் மல்லாட்டை போடுவார்கள், வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பது. பயிர்க்கடன் நிலுவைக்காக வந்த ஒரு பெரியவர் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னார்:

‘காலம் சரியில்ல சார். புடுங்கற நேரத்துல ஊத்திச்சி, காயெல்லாம் மண்ணுலயே மொளச்சிப் போச்சி. காலம் கூடி வந்தா ஒரே தடவையா கட்டிட்றன்.’

நான் நிரப்ப வேண்டிய படிவம் ஆங்கிலத்தில். காரணம் என்று ஒரு கட்டம். பருவம் தப்பிய மழை என்று எழுதினேன். அவர் சொன்ன முதல் ‘காலம்’ ஓரளவு அந்தக் கட்டத்துக்குள் அடங்கியது. இரண்டாவது ‘காலம்’ அடங்கவில்லை. அதில் அடுத்த மழை இருந்தது, மகள் கல்யாணம் இருந்தது, விலை இருந்தது, அவர் ஜாதகமும் இருந்திருக்கலாம். ‘வெதர்’ என்பதா ‘டைம்’ என்பதா என்று பேனாவோடு யோசித்தேன். பிரெஞ்சுக்காரனாக இருந்தால் இந்த இடத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது என்று தோன்றியது.

விதிகள்கூட என்னைவிடத் தெளிவாக இருக்கின்றன. 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதம். கெடுத் தேதிக்குள் கட்டினால் அதில் 3 சதம் குறையும். இது நாள்காட்டிக் காலம். ஆனால் கடன் எப்போது வாராக்கடன் வரிசைக்குப் போகிறது என்பதில் கணக்கு மாறுகிறது. மற்றக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு 90 நாள் நிலுவை. குறுகிய காலப் பயிருக்கான கடனுக்கு 90 நாள் கிடையாது; இரண்டு பயிர்ப் பருவங்கள் நிலுவையாக வேண்டும். நீண்ட காலப் பயிராக இருந்தால் ஒரு பருவம். விவசாயியின் காலத்தைப் பருவத்தால் அளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விதியைப் பகலெல்லாம் அமல்படுத்திவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து, ஒரு மானாவாரிக் கவிஞனிடம் பருவம் இருக்கிறது, காலம் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும்: ஆங்கிலம் பிரித்தது, நம் முன்னோர் சேர்த்து வைத்திருந்தார்கள், ஆகவே நாம் மேலானவர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் 2024 டிசம்பர்.

அந்த வருஷம் நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் அங்கே 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் அதே மழை எங்கள் ஊரில். டிசம்பர் 1 அன்று மலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்தது. குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை.

பிரெஞ்சில் இதற்கு ‘கெட்ட தாங்’ என்று சொன்னால் புயல் மழை என்பதோடு முடிந்துவிடும். எங்கள் தெருவில் நான் பத்துப் பேர் வாயில் கேட்டது அச்சு அசல் அதே இரண்டு சொற்கள்: கெட்ட காலம். சொல்லுக்குச் சொல் சரியான மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த இரண்டு சொற்களில் மழை கரைந்து போய்விட்டது. விதி என்றாகிவிட்டது. விதி என்று ஆனபிறகு மண் ஏன் இளகியது, சரிவின் கீழ் குடியிருக்க வேண்டிய நிலை சிலருக்கு மட்டும் ஏன் வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் கட்டம் போட்ட படிவம் அன்று எனக்கு ஓர் ஆரோக்கியமான பொருளாகப் பட்டது. அதில் ‘வெதர்’ என்று எழுதினால், குறைந்தபட்சம் அடுத்த கட்டத்தில் வேறு காரணத்தைக் கேட்கலாம்.

எனவே காலமும் மழையும் ஒரே சொல்லில் இருப்பதே ஒரு பெருமை அல்ல. அந்தச் சேர்க்கையில் எது எதை விழுங்குகிறது என்பதுதான் கேள்வி. நம் புதுக்கவிதை விமர்சனம் மழையைக் காலத் தத்துவத்துக்குக் கொடுத்துவிட்டது. எங்கள் தெரு அதைக் கிரகங்களுக்குக் கொடுத்துவிட்டது. இரண்டு இடத்திலும் நனைவது நின்றுபோகிறது. மதாம் ஜன்னலைப் பார்த்ததில் இருந்தது வேறு. அவர் கேள்வியில் இருந்த காலத்துக்கு வெளியே இருந்த மேகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்.

அந்தத் தொகுதியைத் திரும்ப எடுத்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு கவிதை. விதை மல்லாட்டையை உடைத்து முறத்தில் வைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வீடு. உடைத்த விதை நாளாக ஆக முளைப்புத்திறன் இழக்கும். விவசாய வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கவிதை அதைச் சொல்வதில்லை. மழை வருவதில்லை. குழந்தைகள் போகிறபோதும் வருகிறபோதும் ஒவ்வொரு பருப்பாக எடுத்துத் தின்கிறார்கள். ஒருநாள் யாரும் அவர்களைத் திட்டவில்லை. அவ்வளவுதான் கவிதை. என் மதிப்புரையில் இதை ‘நல்ல கிராமத்து விவரணை’ என்று ஒரு வரியில் தாண்டியிருக்கிறேன்.

திட்டாத அந்த ஒரு நாளில் பருவம் முடிந்துபோனது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. காலம் என்ற சொல் அங்கே வரவில்லை என்பதால் காலமே அங்கே இல்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அங்கே விதி என்றும் ஒரு வார்த்தை இல்லை. மழை, அதாவது மழை இல்லாமை, கடைசி வரை வானிலையாகவே இருந்துகொண்டு ஒரு வீட்டின் காலத்தை அளந்து முடிக்கிறது. நான் பல வாரம் பஸ் ஏறிக் கற்றுக்கொண்டதை இவர் ஏற்கெனவே எழுதி அச்சிலும் போட்டுவிட்டார்.

தொகுதி குறையற்றது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பாதிக் கவிதைகள் வெறும் படப்பிடிப்பு, கடைசி வரியில் கண்ணீர் கசக்கும் பழக்கமும் உண்டு. அவற்றைப் பற்றி எழுதியதில் எனக்கு மாற்றமில்லை. ‘இவரிடம் பருவம் இருக்கிறது, காலம் இல்லை’ என்பதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அதை மேற்கோள் காட்டிய நண்பர்களும் அப்படியே செய்தால் நல்லது. இந்த இதழின் ஒரு பிரதியைக் கவிஞரின் விலாசத்துக்கு நானே தபாலில் சேர்க்கிறேன். கிராமத்துக்கு மூன்று நாளில் போய்விடும். இது ஆடி மாதம். அவர் விதை உடைத்துக்கொண்டிருப்பார்.